வெண்ணிழல்

மனிதன் ஆக்கிய சித்திர வகைகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், அழகுக்காகவென்று எவரும் ஆக்காமலே அழகு தானாக வந்து குடியேறிய சித்திரங்கள் மிகச் சிலவே என்பது புலப்படும். அந்தச் சிலவற்றுள் முதலிடம் பெறத் தக்கவை, சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வைத்தியசாலைகளில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படங்கள். எலும்பு முறிவைக் காணவும், நுரையீரலில் க்ஷயத்தின் தடத்தைத் தேடவும், குழந்தை விழுங்கிய காசு எங்கே தங்கியிருக்கிறது என்று அறியவும் அவை எடுக்கப்பட்டன. எடுத்தவருக்கு அவசரம், எடுத்துக்கொண்டவருக்கு அச்சம், இருவரில் எவருக்கும் கலை நோக்கம் லவலேசமும் இல்லை. ஆயினும் அத்தகைய பழைய பிலிம் ஒன்றை இன்று வெளிச்சப் பெட்டியின் மீது வைத்துப் பார்க்கும்போது, அதன் ஆழ்ந்த கருமையும், அந்தக் கருமையிலிருந்து படிப்படியாக எழுந்து முத்தின் நிறத்தை எட்டும் சாம்பல் சாயல்களும், ஓரத்தில் வலம் இடம் காட்டுவதற்காக வைத்த ஈய எழுத்தின் துல்லியமான வெண்மையும், நோயாளியின் பெயருக்குப் பதிலாக வெள்ளை மையால் எழுதப்பட்ட எண்ணும் சேர்ந்து, தேர்ந்த ஓவியன் ஒருவன் நெடுநாள் இருந்து தீட்டிய படத்தின் முன் நிற்பது போன்ற மௌனத்தை நம்மிடம் உண்டாக்கிவிடுகின்றன.

இந்தச் சௌந்தரியம் எங்கிருந்து வருகிறது? பழமை எந்தப் பொருளுக்கும் ஒரு மெருகை ஏற்றிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். எலும்புக்கூடு மரணத்தை நினைவூட்டுவதால் உண்டாகும் சிலிர்ப்பையே நாம் அழகென்று மயங்குகிறோம் என்று வேறு சிலர் வாதிக்கக்கூடும். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பார்ப்பவன் மனத்தை விளக்குகின்றனவே அன்றிப் படத்தை விளக்கவில்லை. படத்துக்குள்ளேயே காரணத்தைத் தேடப் புகுந்தால், அந்தத் தேடல் ஒரே ஒரு மூலகத்தின் சரித்திரமாக முடிகிறது. பாறையிலும் நீரிலும் நம் தேகத்திலும் ஓயாது இடம் மாறிக்கொண்டிருக்கும் கால்சியமே அந்த மூலகம். அதன் சரித்திரத்தை வேறெங்கும்விடத் தெளிவாகப் படிக்கக் கூடிய இடம், பண்டைக் காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்றிருந்த தருமபுரிச் சீமை. அதைப் படிப்பதற்கு வேண்டிய எழுத்தறிவை நமக்குத் தந்தவை, 1930-களில் சென்னையில் எடுத்து ஆராயப்பட்ட எக்ஸ்ரே படங்கள்.

நிழல் பிறக்கும் விதம்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்தில், வில்ஹெல்ம் கோன்ராட் ராண்ட்ஜன் என்ற பௌதிகப் பேராசிரியர், கருப்பு அட்டையால் முழுவதும் மூடிய மின்னிறக்கக் குழாய் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தியபோது, சற்றுத் தள்ளிக் கிடந்த பேரியம் பிளாட்டினோ சயனைடு பூசிய திரை இருட்டில் ஒளிர்வதைக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒரு கிரணம் அட்டையை ஊடுருவி வருகிறது என்று தெளிந்த அவர், அதன் இயல்பு விளங்காமையால் அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டு, அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கையை அந்தக் கிரணத்தில் வைத்துப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் மிதப்பது போலத் தோன்றும் மோதிரமும் உள்ள அந்தப் படம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. 1901-இல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற அம்மனிதர், தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எதுவும் கோராமல் உலகுக்கு விட்டுக்கொடுத்தார். அதனால் சில மாதங்களுக்குள் எக்ஸ்-கிரணம் எல்லாத் தேசங்களுக்கும் பரவியது.

அதன் அழகை உணர்வதற்கும் உலகம் அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டே, 1896-இல், வியன்னாவில் ஜோசப் மரியா ஏடர், எடுவர்ட் வாலெண்டா என்ற இருவர், மீன், தவளை, பாம்பு, பச்சோந்தி ஆகியவற்றை எக்ஸ்-கிரணத்தால் படமெடுத்து உயர்தர அச்சில் தொகுப்பாக வெளியிட்டனர். 1930-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டேன் டாஸ்கர் என்ற எக்ஸ்ரே மருத்துவர், அல்லியையும் ரோஜாவையும் அதே சாதனத்தால் படமெடுத்து, இதழ்களுக்குள் இதழ்கள் தெரியும் மெல்லிய சித்திரங்களை உண்டாக்கினார். ஆனால் பூவின் படத்தைக் காட்டிலும் எலும்பின் படம் நம்மை வசீகரிப்பதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. அதை அறிய, இந்தப் படங்கள் உண்டாகும் முறையைச் சற்று நுணுகி நோக்க வேண்டும்.

சாதாரணப் புகைப்படத்தில், பொருளின் மேற்பரப்பிலிருந்து திரும்பிவரும் ஒளியை ஒரு கண்ணாடி வில்லை குவித்துத் தருகிறது. எக்ஸ்-கிரணத்தைக் கண்ணாடி வில்லை வளைக்க மாட்டாது. ஆகவே எக்ஸ்ரே படத்தில் குவிப்பதற்கு எதுவும் இல்லை. கிரணம் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, தேகத்தைக் கடந்து, பிலிமின் மீது விழுகிறது. வழியில் தடுக்கப்பட்ட இடங்களில் நிழல் படிகிறது. மார்பின் முன்புறமும் பின்புறமும், மேலே கிடக்கும் விலா எலும்பும் அடியில் கிடக்கும் முதுகெலும்பும், ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே தளத்தில் வந்து படியும் இந்த நிழலில், தூரம் அருகு என்ற பேதமே அழிந்துபோகிறது. பிலிமில் உள்ள வெள்ளி உப்பு, கிரணம் பட்ட இடத்தில் கறுக்கிறது. கிரணம் எட்டாத இடத்தில் தெளிவாக நின்று, வெளிச்சப் பெட்டியின் ஒளியைத் தன் வழியே விடுகிறது. உலகில் மற்றெல்லா நிழல்களும் கருமையாக இருக்க, வைத்தியன் பார்க்கும் இந்த ஒரு நிழல் மட்டும் வெண்மையாகத் தோன்றுவது இதனால்தான்.

எலும்பு மட்டும் ஏன் இத்தனை வலிய நிழலை வீழ்த்துகிறது? எடைக்கு எடை ஒப்பிட்டால், எக்ஸ்-கிரணத்தை விழுங்கும் ஆற்றல், குறைந்த சக்தியுள்ள கிரணங்களைப் பொறுத்தவரை, ஒரு மூலகத்தின் அணு எண்ணுடைய கன அளவை ஏறத்தாழப் பின்பற்றுகிறது. தசையும் குருதியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றால் ஆனவை; இவற்றுள் பெரிதான ஆக்ஸிஜனின் அணு எண் 8. கால்சியத்தின் அணு எண் 20. 20-ஐ 8-ஆல் வகுத்தால் இரண்டரை. இரண்டரையின் கன அளவு 15-க்கும் மேல். இந்த ஒரு கணக்கினால்தான், உயிருள்ள தேகத்தின் நடுவே எலும்பு மட்டும் தனித்து ஒளிர்கிறது. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய தேகத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது; அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. ஆகவே எக்ஸ்ரே படம் என்பது மனிதனுடைய உருவப் படம் என்பதைவிட, அவனுள் உள்ள கால்சியம் எங்கெங்கே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதன் வரைபடம் என்று சொல்வதே பொருத்தம்.

பழைய படங்களின் தனிச் சாயலுக்கும் சில பௌதிகக் காரணங்கள் உண்டு. முதலாம் உலகப் போர்க்காலம் வரை கண்ணாடித் தகடுகளிலும், பிறகு இருபுறமும் வெள்ளி உப்புப் பூசிய பிலிமிலும் அவை எடுக்கப்பட்டன. பூச்சில் வெள்ளி தாராளமாக இருந்ததால் கருமை ஆழமாக விழுந்தது. கிரணத்தின் வேலையை விரைவுபடுத்துவதற்காகப் பிலிமை இரு ஒளிரும் திரைகளுக்கு நடுவே வைத்தார்கள்; அந்தத் திரைகளில் பூசியிருந்ததும் ஒரு கால்சியச் சேர்மமே, கால்சியம் டங்ஸ்டேட். அப்படியும் பருத்த இடுப்பையோ முதுகையோ படமெடுக்கச் சில விநாடிகள் வேண்டியிருந்தன. அந்த விநாடிகளில் நோயாளி விட்ட மூச்சும் இதயத்தின் துடிப்பும் விளிம்புகளை மென்மையாக்கிவிட்டன. இன்றைய கருவி விநாடியின் சிறு பகுதிக்குள் எடுத்துக் கணினித் திரையில் காட்டும் படத்தில் இந்த மென்மை இல்லை. வைத்தியத்துக்கு அந்தப் படமே உகந்தது என்பதில் ஐயமும் இல்லை.

எருதுகள் சொன்ன சேதி

1930-களின் நடுவில், அப்போதைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவின் வறண்ட பகுதிகளில், ஒரு வினோதமான பிணி ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு வந்தது. அது முதலில் தெரிந்தது மனிதரிடத்தில் அன்று, மாடுகளிடத்தில். நல்ல வயதில் உள்ள உழவு மாடுகள் கால் மடங்காமல் விறைத்து, ஏர் இழுக்க இயலாமல் போயின. ஜி. ஆர். விசுவநாதன் 1935-இல் மாடுகளின் இந்த நோயைப் பற்றி எழுதினார். எருதுகளுக்கும் உழவர்களுக்கும் கிணறு ஒன்றே. ஆகையால் அடுத்த கேள்வி மனிதரைப் பற்றியதாக எழுந்தது இயல்பே.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த எச். ஈ. ஷார்ட், வைத்தியர் ஜி. ஆர். மெக்ராபர்ட், எக்ஸ்ரே நிபுணர் டி. டபிள்யூ. பர்னார்ட், ஏ. எஸ். மன்னாடி நாயர் ஆகிய நால்வரும் சேர்ந்து, 1937-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி சஞ்சிகையில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். குடிநீரில் மிகுந்துள்ள புளோரைடு மனிதருடைய எலும்பைப் பாதித்து அங்கங்களை முடக்கும் என்று நம் நாட்டிலிருந்து உலகுக்கு அறிவித்த கட்டுரை அது. கழுத்தைத் திருப்ப இயலாதவர், குனிய இயலாதவர், முதுகு ஒரே கோலாக விறைத்துப்போனவர், முதுகுத்தண்டின் நரம்பு நசுங்கிக் கால் சோர்ந்து படுக்கையில் விழுந்தவர் என்று இவர்களை அக்கட்டுரை உலகுக்குக் காட்டியது. இந்நால்வரில் ஒருவரான கேப்டன் பர்னார்டின் பெயரைத் தாங்கி நிற்பதே, 1934-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் தொடங்கப்பெற்ற பர்னார்ட் கதிரியக்க நிலையம். தென்னிந்தியாவில் எக்ஸ்ரே வைத்தியத்தின் மூத்த ஸ்தாபனமாகிய அதன் தலைவர் கிராமத்துக் கிணற்று நீரின் கேட்டை ஆராய்ந்தார் என்பது, அக்காலத்து விஞ்ஞானம் எத்தனை விரிந்த பார்வை உடையதாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் மறுகோடியில், இந்த நோய் எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கு ஏற்றும் வெண்மை வேறொரு வாயில் வழியாக வெளிப்பட்டிருந்தது. கிரீன்லாந்தில் வெட்டியெடுத்த கிரையோலைட் என்னும் புளோரின் கனிமத்தைப் பொடியாக்கும் ஆலை ஒன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இருந்தது. அங்கு வேலை செய்தவர்களின் நுரையீரலைப் பரிசோதிப்பதற்காக எக்ஸ்ரே எடுத்த மோலர், குட்யோன்சன் என்ற இருவர், நுரையீரலைச் சுற்றியிருந்த எலும்புகள் வழக்கத்துக்கு மாறாக வெளுத்துக் கிடப்பதைக் கண்டு 1932-இல் எழுதினர். தேடிப் போனது ஒன்று, கண்டது மற்றொன்று. அந்தத் தொழிலாளரை விரிவாக ஆராய்ந்த கை ரோஹோம் என்பவரின் பெருநூல், சென்னைக் கட்டுரை வெளிவந்த அதே 1937-இல் வெளியாயிற்று. ஆலைத் தூசியைச் சுவாசித்த டேனியத் தொழிலாளியும், கிணற்று நீரை அருந்திய தெலுங்கு உழவனும், பிலிமின் மீது ஒரே ஜாதியாகிவிட்டனர்.

பளிங்கின் இலக்கணம்

ரோஹோம் இந்த வெண்மையை மூன்று படிகளாகப் பிரித்தார். இன்றும் நூல்கள் அந்த முறையை எடுத்துரைக்கின்றன. சாதாரண எலும்பின் உட்பகுதி எக்ஸ்ரே படத்தில் தறியில் நெய்த மெல்லிய துணி போலத் தோன்றும். நுண்ணிய எலும்பு இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, இடையிடையே இருண்ட கண்களை விட்டுச் செல்லும். முதற்படியில், முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் அந்த இழைகள் தடித்து, விளிம்பு தெளிவிழந்து தோன்றுகின்றன. இரண்டாம் படியில் இழைகள் கலந்து கண்கள் அடைபடுகின்றன. எலும்பின் ஓரங்கள் அலையலையாகச் சிதைகின்றன. மூன்றாம் படியில் இழை என்று சொல்லத் தக்கதே இல்லை. எலும்பு முழுவதும் பளிங்கு போன்ற ஒரே வெண்மையாக நின்றுவிடுகிறது. பளிங்கு என்ற உவமையை முதலில் கையாண்டவர்கள் கவிஞர்கள் அல்லர், வைத்தியர்கள்.

இவ்வளவோடு நிற்பதில்லை. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் சவ்வுகளும், சாதாரணமாக எக்ஸ்ரே படத்தில் இருக்கும் இடமே தெரியாதவை. புளோரோசிஸ் எனப்படும் இந்த நோயில் அவற்றிலும் கால்சியம் படிகிறது. முன்கையின் இரு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சவ்வு ஓரத்திலிருந்து வெண்மையாக வளரத் தொடங்குகிறது. பயின்ற கண் அந்த ஒரு குறியைக் கண்டே நோயின் பெயரைச் சொல்லிவிடும். முதுகெலும்புக் கணுக்களின் இடையே பாலம் அமைகிறது. இடுப்புக் கூட்டின் பின்னுள்ள நார்கள் வெண்ணிறக் கீற்றுகளாக விரிகின்றன. உயிரோடு இருக்கும்போது கண்ணுக்கு எட்டாத இந்த நுண்ணமைப்பு முழுவதையும் இந்த நோய் ஒரு சிற்பி போல் செதுக்கிக் காட்டுகிறது. கலைக் கண்ணால் மட்டும் பார்ப்பவன், ஆரோக்கியமான இடுப்பின் படத்தையும் இந்த இடுப்பின் படத்தையும் அருகருகே வைத்துக் கேட்டால், இரண்டாவதையே அழகென்று தேர்வான். அந்தத் தேர்வில் தவறு இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்தது எதை என்று அவன் அறிந்திருக்க வேண்டும். வெண்மை மிகுந்த ஒவ்வொரு இடமும், அந்த மனிதனால் அசைக்க முடியாத ஓர் இடம்.

கல், நீர், எலும்பு

நெல்லூரில் முதலில் படிக்கப்பட்ட இந்த எழுத்து, தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது தருமபுரி மாவட்டத்தில். சேலத்திலிருந்து பிரிந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தனி மாவட்டமாகி, 2004-இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்த இச்சீமை, பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எங்கு நோக்கினும் குன்றும் பாறையுமாகக் கிடப்பது. சார்னோகைட்டும் நைஸ் பாறையுமாகிய அதன் அடித்தளம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஓகேனக்கல் பக்கத்தில், பூமியின் ஆழத்திலிருந்து எழுந்து உறைந்த கார்பனடைட் பாறைகளும் உண்டு. இத்தகைய பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் ஆகிய கனிமங்கள் புளோரைடைத் தம்முள் வைத்திருக்கின்றன.

பாறையில் உள்ள புளோரைடு எல்லா இடத்திலும் நீருக்கு வந்துவிடுவதில்லை. அதைத் தடுத்து நிறுத்தும் காவலனும் கால்சியமே. நீரில் கால்சியம் நிறைந்திருந்தால், புளோரைடு அதனோடு கூடி எளிதில் கரையாத கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். ஆழத்துப் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரோ, வேறு விதமானது. அது தன் கால்சியத்தைச் சுண்ணாம்புக் கல்லாக உதிர்த்துவிட்டுச் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் ஏற்றுக்கொண்டு காரத்தன்மை அடைந்திருக்கும். காவலன் இல்லாத அந்த நீரில் புளோரைடு தடையின்றிச் சேர்கிறது. மழை குறைந்து, திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்குழாய்க் கிணறுகள் பாறைக்குள் இறங்க இறங்க, ஜனங்கள் அருந்தியது இத்தகைய நீராகிவிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. வெயிலில் மண் வேலை செய்பவர் நிழலில் இருப்பவரைவிட இரு மடங்கு நீர் அருந்துவார் எனில், அதே கிணற்றிலிருந்து அவருக்குக் கிடைக்கும் புளோரைடும் இரு மடங்காகும். ஆகவே உழைப்பவர் தேகத்திலேயே இந்த நோய் முந்திக்கொள்கிறது. நீரைக் காய்ச்சினால் புளோரைடு நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

கால்சியத்தை இழந்த நீரோடு தேகத்துள் புகுந்த புளோரைடு, அங்கே தான் இழந்த துணையை மீண்டும் காண்கிறது. எலும்பின் கனிமப் பகுதி, கால்சியம் பாஸ்பேட்டால் ஆன ஒருவகை அபடைட். பாறையில் நாம் சொன்ன அபடைட்டின் நெருங்கிய உறவு. பாறை அபடைட்டில் புளோரைடு இருக்கும் இடத்தில், எலும்பின் அபடைட்டில் ஹைட்ராக்சில் என்னும் சிறு அணுக்கூட்டம் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவின. ஆகையால் புளோரைடு ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு அந்த ஆசனத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. கூடவே எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களையும் தூண்டி, வேண்டாத இடத்தில் வேண்டாத எலும்பை விளைவிக்கிறது. தேகத்தில் தங்கும் புளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலுமே தங்குகிறது. எலும்பு கல்லாகிவிட்டது என்று கிராமத்தில் ஒருவர் வருந்திச் சொன்னால், அது வெறும் உபசார வழக்கு அன்று. ரசாயன சாஸ்திரப்படி அந்த எலும்பு, தான் நிற்கும் பாறையின் கனிமத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது.

தருமபுரியில் நடுகற்கள் ஏராளம். அவ்வூர் அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவையும் பெயரையும் மனிதர் கல்லின் மீது எழுதிய தேசம் அது. எக்ஸ்ரே படத்தில் தெரிவது அதன் மறுதலை: கல் தன் கையெழுத்தை மனிதருக்குள் எழுதியிருக்கிறது. முந்தியதைப் படிக்கச் சாசன ஆராய்ச்சியாளர் வேண்டும். பிந்தியதைப் படிக்க, 1937-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சிகள் வகுத்த இலக்கணம் வேண்டும்.

காலம் கடந்து வரும் சாட்சி

வெண்மை என்றால் உறுதி என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்குப் புளோரைடைக் கொடுத்தால் எலும்பு அடர்ந்து வலுப்பெறும் என்று வைத்தியர்களும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடத்தி 1990-இல் வெளியிட்ட பரிசோதனை, இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்ததைக் காட்டியது. முதுகெலும்பு முறிவோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவு கூடிற்று. எக்ஸ்ரே படம் எவ்வளவு கால்சியம் உள்ளது என்பதைச் சொல்லும். அது எந்த ஒழுங்கில் அமைந்துள்ளது என்பதைச் சொல்லாது. பளிங்கு எலும்பு, அழகு மிகுந்து வலிமை குன்றிய எலும்பு.

இன்னொரு குறையும் எக்ஸ்ரே படத்துக்கு உண்டு. அது காலம் கடந்து வரும் சாட்சி. பிலிமில் வெண்மை திரளும் நேரத்தில் புளோரைடு பல ஆண்டுகளாகத் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். இறுகிய நாரை இளக்கும் மருந்து எதுவும் இல்லை. முதலில் சாட்சி சொல்பவை குழந்தைகளின் பற்கள். ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அருந்திய நீரின் குணம் பல்லின் எனாமலில் சுண்ணாம்பு வெண்மையாகவும் பழுப்புக் கறையாகவும் பதிந்து, முளைத்தபின் ஆயுள் முழுவதும் அழியாமல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும்போதே அந்த ஊர்க் கிணற்றின் குணத்தைத் தேர்ந்த கண் கண்டுகொள்ளும்.

அப்படியானால் முதியவரின் எக்ஸ்ரே படம் யாருக்குப் பயன்பட்டது? அவருக்கு அது அளித்தது பெரும்பாலும் நோயின் பெயரையே, சுகத்தை அன்று. அதன் உண்மையான பயன் இன்னும் படம் எடுக்கப்படாதவர்களுக்கு, அதே கிணற்றில் நீர் இறைக்கும் இளையவர்களுக்கு. சென்னைக் கட்டுரைக்கு மூன்று ஆண்டு கழித்து, 1940-இல், சி. ஜி. பண்டிட் முதலியோர் அதே ஆராய்ச்சியைத் தொடர்ந்து, நீரோடு உணவின் குறைபாடும் நோயின் கடுமையைக் கூட்டுகிறது என்று எடுத்துக்காட்டினர். பின்னர் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையம், படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கொண்டு புளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையை வகுத்தது. தருமபுரியில் கடைசியில் தேர்ந்த வழி, கிணற்றையே விட்டு ஆற்றுக்குச் செல்வது. பாறைக்குள் தங்காமல் நிலத்தின் மேல் விரைந்து ஓடும் காவிரி நீருக்குப் புளோரைடைச் சேர்த்துக்கொள்ள அவகாசம் இல்லை. அந்த நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் கொண்டு சேர்க்கும் ஓகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் நடந்த அந்தப் பணி 2013-இல் பயனுக்கு வந்தது. ஒரு நோயின் பெயரையே தன் பெயரில் தாங்கிய குடிநீர்த் திட்டம் நம் நாட்டில் அபூர்வம். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத் தந்தவற்றுள், வெள்ளை மையால் எண் மட்டும் எழுதப்பட்ட அந்தப் பழைய பிலிம்களும் அடங்கும்.

அந்தப் பிலிம்களின் கதி பொதுவாக எளிமையானது. பழைய எக்ஸ்ரே படங்களை எடைக்கு வாங்குபவர்கள் அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்துவிட்டு எஞ்சிய தாளை எறிந்துவிடுகிறார்கள். சூரிய கிரகணத்தன்று பிள்ளைகள் அவற்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து வானத்தைப் பார்ப்பதும் உண்டு. கண்ணைக் கெடுக்கும் அந்தப் பழக்கத்தை வைத்தியர்கள் ஒவ்வொரு கிரகணத்தின் போதும் கண்டித்துவருகிறார்கள். எஞ்சி நிற்கும் சில படங்களையாவது காப்பது, கலைக் காட்சிக்கு உகந்தவை என்பதற்காக மட்டும் அன்று. ஒரு தேசத்துக் கிணறுகள் எப்படி இருந்தன என்பதற்கு, அந்தக் காலத்து நீர்ப் பரிசோதனைக் குறிப்புகளோடு சேர்த்து வைக்கத் தக்க ஆவணங்கள் அவை என்பதற்காகவும் ஆகும்.

அவற்றின் அழகை ரசிப்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. கல்லில் பிறந்து, நீரில் கரைந்து, எலும்பில் அமர்ந்து, வெள்ளி உப்பின் மீது ஒளியாக நின்ற ஒரு நீண்ட யாத்திரையின் ஒழுங்கே அந்த அழகு. இயற்கையின் ஒழுங்கு பிணியிலும் பிசகுவதில்லை. ஆனால் ரசனை அந்த யாத்திரையின் கடைசிப் படியில் நின்றுவிடாமல் முதற்படி வரை நடந்து சென்று, கிணற்றையும் அதைச் சூழ்ந்த மக்களையும் எட்டுமானால்தான் அது அறிவாகும். அப்படி எட்டியவர்கள் விரும்பத் தக்கது ஒன்றே: தருமபுரியில் இனிப் பிறக்கும் பிள்ளைகள் முதுமையில் எடுத்துக்கொள்ளும் எக்ஸ்ரே படங்கள், எந்த வைத்தியரும் வியந்து பாதுகாக்க வேண்டிய அவசியமில்லாத, மங்கிய சாம்பல் நிறமுள்ள, மிகச் சாதாரணமான படங்களாக இருக்கட்டும்.